நடுப் பெயர்

படிவத்தில் பெட்டிகள் சின்னவை.
அம்மாவின் குடும்பப் பெயருக்கு
ஆங்கிலத்தில் பன்னிரண்டு பெட்டி வேணும்.
டிமாகுலங்கன்.
கொட்டாஞ்சேனைத் தபால்காரர் ஒருநாளும்
அதை முழுதாகச் சொல்லி முடித்ததில்லை.
"டிம்மா அக்கா" என்று நிறுத்திக்கொண்டார்,
ஒழுங்கை முழுக்க அதையே பிடித்துக்கொண்டது.

எனக்கு முப்பத்திநாலு வயது.
இன்று காலைவரை நான் பா. ஜெனோவா.
பாக்கியராசா என்கிற மனிதர் ஓரெழுத்தாகி
ஒரு புள்ளியை ஊன்றிக்கொண்டு
என் பெயரின் வாசலில் காவல் நின்றார்.
அம்மா அதில் எங்கும் இல்லை.
முகத்தில்தான் இருந்தாள்.

அந்த நாளில் சோதனைச் சாவடியில் சிப்பாய்
அடையாள அட்டையை வாசிப்பான்,
என்னைப் பார்ப்பான்,
திரும்பவும் வாசிப்பான்.
அட்டை இறங்கச் சொல்லும்,
முகம் ஏறச் சொல்லும்.
பஸ் உறுமிக்கொண்டு நிற்கும்.

டாக்காவிலிருந்து தூதரக ஆட்கள்
இரண்டு நாளைக்கு மட்டும் வந்திருந்தார்கள்.
கொள்ளுப்பிட்டியில் ஒரு ஹோட்டல், இரண்டாம் மாடி.
முந்தின இரவுக் கலியாணத்தின் மல்லிகை
கம்பளத்தில் மிதிபட்டுக் கிடந்தது.
வரிசையில் ஆடைத் தொழிற்சாலை மேற்பார்வையாளர்கள்,
பிள்ளை பார்க்க வந்த பெண்கள்,
கிற்றார் உறையோடு ஒருவன்.
எல்லோரும் அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்கள்.
அவள் என்னைப் பார்த்தாள்.

பைலுக்குள்
அளுத்கடையில் மொழிபெயர்த்துச் சீல் குத்திய என் பிறப்பு,
குவைத்தில் நடந்த அவர்களின் கலியாணம்,
மூலை வெட்டிய ஒரு பழைய பாஸ்போட்.
அதில் அம்மாவுக்கு இருபத்திமூன்று.
என்னைவிடப் பதினொரு வயது இளையவள்
என் மூக்கோடு முறைத்துப் பார்க்கிறாள்.

"தாமதமாகப் பதிவதற்கான காரணம்."
இரண்டு வரிக்கு இடம்.
"அறியாமை எண்டு போடுங்கோ,
எல்லாரும் அப்பிடித்தான்" என்று
சமாதான நீதவான் போன கிழமையே சொல்லியிருந்தார்.
அம்மா பேனையைத் தரவில்லை.
நான் பிறந்த வருடமே கடிதம் எழுதி
முத்திரையும் ஒட்டி
அரிசி டின்னுக்கு மேல் வைத்தவள் அவள்.
"ஒரு பிள்ளைக்கு எத்தினை நாடு வேணும்?"
அப்பா கேட்டாராம்.
கிழிக்கவில்லை. தபாலில் போடவுமில்லை.
அவர் போனபிறகு அலுமாரியில் கண்டெடுத்தோம்,
ஈட்டுக்கடைத் துண்டுகளுக்கு நடுவில்,
முத்திரை உரியாமல்.

அறியாமை என்றே எழுதினோம்.
யாருடையது என்று படிவம் கேட்கவில்லை.

"அப்பா கடைசியில் வரவேணும்," என்றாள் மேசைக்காரி,
"அம்மா நடுவில்."
புள்ளியைக் கழற்றி அவரைப் பின்னுக்கு அனுப்பினார்கள்.
ஜெனோவா டிமாகுலங்கன் பாக்கியராசா.
பிழை இருக்கிறதா பார் என்று திரையைத் திருப்பினாள்.
ஒரு எழுத்தும் பிழையில்லை.
ஆள்தான் யாரோ.

"குறைக்க ஏலாதது" என்று அர்த்தமாம்,
அம்மா அப்போதுதான் சொல்கிறாள்.
முப்பத்திநாலு வருடம் எங்கே வைத்திருந்தாள்?

மேசைக்காரி அவளிடம் அவளுடைய மொழியில்
எதையோ கேட்டாள்.
"ஓம்" என்றாள் அம்மா.
மேசைக்காரி காத்திருந்தாள்.
பின்வரிசையில் யாரோ மெல்ல எடுத்துக்கொடுத்தார்கள்:
"ஓபோ."
மரியாதையான ஓம் அங்கே அதுதான்.
அம்மா கைப்பையின் சிப்பை மூடினாள்,
திறந்தாள், மூடினாள்.

என் பெருவிரல் கண்ணாடியில் விழவில்லை.
ஊசி குத்திக் குத்தி ரேகை தேய்ந்த தையல்காரி விரல்.
அம்மா அதை இழுத்து
சின்னப்பிள்ளைக்கு ஊதுகிறமாதிரி ஊதித்
தன் பாவாடையில் துடைத்துத்
திரும்பக் கொடுத்தாள்.
பிடித்தது.

மட்டக்குளி பஸ்ஸில் யன்னல் சீற்.
ரசீது அவள் மடியில்.
மூன்று மாதமாம், நாலும் ஆகலாமாம்.
கொண்டக்டர் குனிந்தான்:
"கொட்டாஞ்சேனையா அம்மா?"

"ஓபோ" என்றாள்.

அவன் டிக்கெற்றைக் கிழித்தான்.
மிச்சம் இறங்கேக்க, என்றான்.